தும்மினால் மூத்திரம் சொட்டுவது ஏன்? இடுப்புத் தளத் தசைகளைப் பற்றி விரிவாக

"தும்முனா ரெண்டு சொட்டு வந்துடுதுக்கா." "சாயந்தரமானா அடியில ஏதோ இறங்குற மாதிரி இருக்கு." டெல்டா கிராமங்களில் பெண்கள் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அதையும் கூட நடவு நடும் அக்காவிடமோ, ஊருக்கு வரும் செவிலியரிடமோ மட்டும்தான் சொல்வார்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில், "மூணு புள்ள பெத்தவளுக்கு அப்படித்தான்டி இருக்கும்" என்பது. அதை நம்பியே பலர் மருத்துவமனைப் பக்கம் போகாமல் இருந்துவிடுகிறார்கள். பலருக்கும் இருக்கிறது என்பதற்காக ஒரு கோளாறு தீராத கோளாறாகிவிடாது. சொட்டுவதற்கும் இறங்குவதற்கும் பின்னால் இருப்பவை தசைகள். கை காலில் உள்ள தசைகளைப் போலவே இவற்றையும் நாம் நினைத்தால் இயக்கலாம், பழக்கலாம், வலுவாக்கலாம். எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தெரியாததால்தான் கைவிட்டுவிடுகிறோம்.

திண்ணையில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு பிட்டத்துக்கும் அடியில் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். முன்பக்கம் அடிவயிறு முடியும் இடத்தில் கையை வைத்து அழுத்தினால் பூப்பெலும்பு. பின்பக்கம் முதுகுத்தண்டின் கடைசியில் வாலெலும்பு. இந்த நான்கு முனைகளுக்கு நடுவே உள்ள எலும்புக் கூண்டின் அடி திறந்தே இருக்கிறது. அந்தத் திறப்பை மூடித் தாங்குவதுதான் இடுப்புத் தளம். முன்னெலும்புக்கும் வாலெலும்புக்கும் இடையே கட்டிய ஏணை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏணைத் துணி தானாக இறுகாது, இது இறுகும். தேவையானபோது தளர்ந்து வழியும் விடும். மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் இதன்மேல் அமர்ந்திருக்கின்றன. ஆண்களுக்குக் கருப்பை இல்லை. மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது.

தோலிலிருந்து உள்ளே போனால் மூன்று அடுக்குகள். மேலோட்டமான அடுக்கில் பிறப்புறுப்பைச் சுற்றியும் அதன் இருபுறமும் ஓடும் மெல்லிய தசைகள், மலவாயைச் சுற்றியுள்ள வெளிச் சுருக்குத்தசை. பிரசவத்தின்போது கத்தரித்துத் தையல் போடுகிறார்களே, அந்த வெட்டு இந்த அடுக்கின் தசைகளைத்தான் பிரிக்கிறது. அதற்கு உள்ளே ஒரு உறுதியான சவ்வும், மூத்திரக்குழாயை இறுக்கி மூடும் சுருக்குத்தசையும். எல்லாவற்றுக்கும் உள்ளே, சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது லெவேட்டர் ஏனை என்ற தசைக் கூட்டம்.

இந்த லெவேட்டர் ஏனையின் பகுதிகளைத் தெரிந்துகொண்டால் நோய்க்குறிகள் பாதி புரிந்துவிடும். பியூபோரெக்டாலிஸ் என்பது பூப்பெலும்பின் ஒரு பக்கத்தில் தொடங்கி, மலக்குடலின் பின்புறமாகச் சுற்றி, மறுபடி பூப்பெலும்புக்கே வந்து சேரும் வளையம். அது மலக்குடலை முன்னோக்கி இழுத்துப் பிடிப்பதால் குடல் ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்து நிற்கிறது. மலம் தங்குவதற்கு அந்த மடிப்பு முக்கியக் காரணம். பியூபோகாக்சிஜியஸ் பூப்பெலும்பிலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. மூத்திரக்குழாயையும் பிறப்புப் பாதையையும் பக்கவாட்டில் அணைத்து மேலே தூக்குவது இதன் வேலை. இலியோகாக்சிஜியஸ் இடுப்பின் பக்கச் சுவரிலிருந்து வாலெலும்பு வரை அகன்று விரியும் தட்டு. இவற்றுக்குப் பின்னால் காக்சிஜியஸ் என்ற இன்னொரு தசையும் தளத்தை நிறைவு செய்கிறது. முன்பக்கம் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. மூத்திரக்குழாயும் பிறப்புப் பாதையும் இறங்குவது அதன் வழியாகத்தான். தளம் தொய்ந்தால் அந்த இடைவெளி அகலும், உறுப்புகள் இறங்குவதும் அங்கேதான்.

கருப்பையைத் தசை மட்டும் தாங்குவதில்லை. பின்னாலும் பக்கவாட்டிலும் நார்ப்பட்டைகள் அதைக் கட்டி வைத்திருக்கின்றன. தசை வலுவாக இருக்கும்வரை அந்த நார்களுக்குச் சுமை குறைவு. தசை தளர்ந்தால் முழு எடையும் நார்களின்மேல் விழும். நார் இழுபட்டு நீளும், ஒருமுறை நீண்டால் பயிற்சி செய்து குறுக்க முடியாது. ஆரம்பத்திலேயே தசையைக் கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தத் தசைகளுக்குக் கட்டளை வருவது முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் திருவெலும்பின் இரண்டு, மூன்று, நான்காம் நரம்பு வேர்களிலிருந்து. வெளிச் சுருக்குத்தசைகளுக்குப் போவது பியூடெண்டல் நரம்பு. பிரசவத்தின்போது இது இழுபட்டு மந்தமாகலாம். பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடும். தசை இழைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மெதுவாக, நெடுநேரம் உழைக்கும் வகை. நிற்கும்போதும் உட்காரும்போதும், தூங்கும்போதும்கூட இவை ஓரளவு இறுகியே இருக்கின்றன. மீதி வேகமாகச் சுண்டும் வகை. இருமல், தும்மல், திடீர்க் குதிப்பு வந்தால் பாய்வது இவைதான். இரண்டையும் பழக்க வேண்டும் என்பதால்தான் பயிற்சியிலும் நீண்ட பிடிப்பு, குறும் சுண்டல் என்று இரண்டு உண்டு.

அழுத்தம் எங்கே போகிறது?

வயிற்றை ஒரு மூடிய அறையாகப் பாருங்கள். மேலே மூச்சுக்கு உதவும் தசையான உதரவிதானம், முன்னும் பக்கமும் வயிற்றுத் தசைகள், பின்னால் முதுகுத் தசைகள், அடியில் இடுப்புத் தளம். மூச்சை உள்ளிழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்கும், தளமும் சற்றுத் தாழும். மூச்சை விடும்போது இரண்டும் மேலேறும். இந்த ஒத்திசைவு ஆரோக்கியமான உடலில் நினைக்காமலே நடக்கிறது. இருமுவதற்குச் சற்று முன்பே, அழுத்தம் ஏறுவதற்குள், தளம் இறுகிவிடுகிறது. சொட்டுகிறது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று தவறியிருக்கும்: தசையின் வலு போதவில்லை, அல்லது இறுகும் நேரம் தப்பிவிட்டது. இரண்டாவதை மறந்துவிடுகிறோம். சரியான நேரத்தில் இறுகக் கற்றுக்கொண்டாலே சொட்டுவது குறைவதை முதல் சில வாரங்களில் பார்க்கலாம்.

டெல்டாவின் வேலைகள் இந்த அறைக்குள் அழுத்தத்தை ஏற்றும் வேலைகள். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால் குறுவை நடவு, பிறகு சம்பா, தாளடி. நடவாளாகக் குனிந்து நிற்பது முதுகுக்குக் கடினம் என்றாலும், அப்போது உறுப்புகளின் எடை முன்வயிற்றின்பக்கம் சாய்கிறது, தளத்துக்கு அவ்வளவு பாரமில்லை. பாரம் ஏறுவது நாற்று முடிச்சுக்கட்டையும் புல்லுக்கட்டையும் தரையிலிருந்து தூக்கித் தலைக்கு ஏற்றும் அந்த ஒரு நொடியில். எல்லோரும் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, "ம்ம்" என்று முக்கித்தான் தூக்குகிறார்கள். அடக்கிய மூச்சு மேலிருந்து தள்ளுகிறது, தளம் கீழே போகிறது. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டையைத் தோளில் ஏற்றும் ஆண்களுக்கும் இதே கதைதான், குடலிறக்கமும் சேர்ந்து வரலாம்.

மாற்ற வேண்டியது சின்ன விஷயம். கட்டைத் தொடும் முன் தளத்தை மேலே இழுத்து இறுக்குங்கள். தூக்கும்போது வாயைக் குவித்து மூச்சை விடுங்கள். தலைக்கு ஏற்றியபின் தளர்த்துங்கள். "தூக்கிவிடுறேன்" என்று கைகொடுக்கும் ஆள் இருந்தால் தரையிலிருந்து தலைக்கு ஒரே மூச்சில் தூக்காமல் முதலில் தொடைக்கு, பிறகு தலைக்கு என்று இரண்டு கட்டமாகத் தூக்கலாம். இருமல், தும்மல், குடத்தைத் தூக்குவது எல்லாவற்றுக்கும் இதுவே: முதலில் இறுக்கு, பிறகு இருமு. ஒரு மாதம் நினைவோடு செய்தால் பழக்கமாகிவிடும்.

இன்னொரு சிக்கலை வயலில் வேலை செய்யாதவர்கள் கவனிப்பதில்லை. வரப்போரம் ஒதுங்க மறைவு இல்லாததால் பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். மூத்திரம் கெட்டியாகி எரிச்சல் வரும், கிருமித் தொற்றுக்கு வழிவகுக்கும், மலமும் இறுகும். அடர்மஞ்சளாக, நாற்றமாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். வேலையிடத்தில் கழிப்பிடம் என்பது மானப் பிரச்சினை மட்டுமல்ல, உடல்நலப் பிரச்சினையும்கூட. இதை ஊராட்சிக் கூட்டங்களில் பேசியே ஆக வேண்டும்.

கழிப்பறையில்

மூத்திரப்பை 150 முதல் 200 மில்லி நிரம்பும்போது லேசான உணர்வு வரும். 400 மில்லிக்கு மேல் போனால் அவசரம் தெரியும். பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போவது இயல்பு. போகும்போது மூத்திரப்பைத் தசை சுருங்க வேண்டும், தளம் முழுமையாகத் தளர வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பை காலியாகும். பேருந்து நிலையக் கழிப்பறையில் அருவருப்பால் அரைகுறையாகக் குனிந்து நின்றபடி இருந்தால் தொடையும் தளமும் இறுகியே இருக்கும், பை முழுக்கக் காலியாகாது. முடிந்தால் முழுதாகக் குந்துங்கள், அல்லது உட்காருங்கள். தஞ்சாவூருக்குப் போகும் முன் "எதுக்கும் ஒருதடவை" என்று ஒவ்வொரு முறையும் போய்வரும் பழக்கமும் நல்லதல்ல. பை குறைந்த அளவிலேயே அவசரம் காட்டப் பழகிவிடும்.

மலம் கழிக்கும்போது பியூபோரெக்டாலிஸ் தளர்ந்து, செங்கோணத்தில் நின்ற மடிப்பு விரிய வேண்டும். குந்தி உட்கார்ந்தால் அது இயல்பாகவே நேராகிறது. முழங்கால் வலியால் மேற்கத்திய கழிப்பறைக்கு மாறிய பெரியவர்கள் பலருக்கு மலச்சிக்கல் கூடுவதில் இந்தக் கோணத்துக்கும் பங்கு உண்டு. காலுக்கடியில் 15 முதல் 20 செண்டிமீட்டர் உயரப் பலகை ஒன்றைப் போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரும்படி உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, வயிற்றைத் தளர்வாக வெளியே விடுங்கள். முக்காமல், மூச்சைத் தொண்டையில் அடைக்காமல் விட வேண்டும். முக்குவது வழக்கமானால் தளத்துக்கு இது தினசரிப் பாரம்.

பிரசவம்

குழந்தையின் தலை வெளிவரும்போது லெவேட்டர் ஏனையின் உள்விளிம்பு இழைகள் இயல்பான நீளத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் நீள்கின்றன என்று கணினி மாதிரிகளை வைத்த ஆய்வுகள் காட்டுகின்றன. உடலின் வேறெந்தத் தசைக்கும் சாதாரணமாக நேராத நீட்சி இது. பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. சிலருக்கு எலும்பிலிருந்தே பிய்ந்துவிடுகிறது. ஆயுதம் (இடுக்கி) போட்டுக் குழந்தையை எடுக்கும் பிரசவத்தில் இந்த ஆபத்து கூடுகிறது. அறுவைசிகிச்சையில் பிறந்தால் தளம் அப்படியே தப்பிவிட்டது என்றும் எண்ண வேண்டாம், ஒன்பது மாதச் சுமையும் ஹார்மோன் மாற்றமும் தளத்தைத் தொட்டிருக்கும்.

தாய்வீட்டில் கழிக்கும் மாதங்களில் இரண்டு பழக்கங்கள் கவனிக்க வேண்டியவை. "தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்" என்று பிரசவித்த பெண்ணுக்குத் தண்ணீரைக் குறைப்பார்கள். காய்கறியையும் குறைப்பார்கள். மலம் இறுகும், தையல் போட்ட இடத்தின்மேல் முக்குவாள். தண்ணீரையும் நாருள்ள கீரை, காய், பழத்தையும் தாராளமாகக் கொடுங்கள். பழைய சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டுவது இரண்டாவது. தளர்வான ஆதரவு தவறில்லை. ஆனால் கட்டியபின் வயிறு நிறைய மூச்சிழுக்க முடியாவிட்டால் அது அளவுக்கு மீறிய இறுக்கம். முன்பக்கம் போக வழியில்லாத அழுத்தம் கீழே தளத்துக்கே இறங்குகிறது. ஆறு வாரம்வரை கனம் தூக்காமல் இருப்பது நம் பாட்டிமார் வழக்கமும்கூட, அதைக் கைவிட வேண்டாம். மலவாய்த் தசைவரை கிழிந்திருந்தால் மருத்துவர் சொன்னபடி மட்டும் பயிற்சியைத் தொடங்குங்கள். மற்றவர்கள் வலி தாங்கும்போதும், மூத்திரம் வடிய மருத்துவமனையில் செருகிய குழாயை எடுத்த பின்னும் மெல்லத் தொடங்கலாம்.

தசையைக் கண்டுபிடிப்பது

1948-இல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் இந்தப் பயிற்சியை விளக்கிக் கட்டுரை எழுதினார். தசை சுருங்குகிறதா என்பதை நேரில் காட்டும் அழுத்தமானி ஒன்றையும் பயன்படுத்தினார். அந்தப் பாதியை நாம் மறந்துவிட்டோம். "கெகல் பண்ணுங்க" என்ற ஒற்றை வரி மட்டும் கைபேசியில் சுற்றுகிறது. வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்தால் கணிசமானோர் தவறாகச் செய்கிறார்கள். மேலே இழுக்க வேண்டிய இடத்தில் கீழே முக்குகிறார்கள், அதனால் தொந்தரவு கூடுகிறது.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். சபையில் வாயு வெளியேறாமல் தடுப்பதுபோல மலவாயை உள்ளே இழுங்கள். பிறகு அதே இழுப்பை முன்பக்கம், மூத்திரத்தை நிறுத்துவதுபோல, சேர்த்துக்கொள்ளுங்கள். பிட்டம் இறுகக்கூடாது, தொடை ஒட்டக்கூடாது, வயிறு புடைக்கக்கூடாது, மூச்சு நிற்கக்கூடாது. கண்ணாடி வைத்துப் பார்த்தால், சரியாகச் செய்யும்போது பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதி உள்ளே மேலே போக வேண்டும். புடைத்து வெளியே வந்தால் முக்குகிறீர்கள், உடனே நிறுத்துங்கள். கழுவிய விரலை யோனிக்குள் 2 செண்டிமீட்டர் வைத்தால் இறுகித் தூக்குவதை உணரலாம். ஆண்களுக்கு ஆணுறுப்பின் அடி உள்ளே இழுபட, விரைகள் லேசாக உயர வேண்டும். மூத்திரம் பாதியில் நிறுத்திப் பார்ப்பதைத் தசை எது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒருமுறை செய்யலாம். அதையே பயிற்சியாக்கினால் பை காலியாகாமல் போகும்.

முதல் வாரம் மூன்று நொடி பிடித்து, ஆறு நொடி முழுதாக விடுங்கள். விடுவதையும் பயிற்சியின் பாதியாக எண்ணுங்கள். மெல்ல மெல்ல எட்டு, பத்து நொடி பிடிப்புக்கு வாருங்கள். ஒரு முறைக்கு எட்டிலிருந்து பத்து நீண்ட பிடிப்பு, பிறகு பத்து வேகமான சுண்டல். இதை நாளுக்கு மூன்று முறை. பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பும் நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது எட்டு, குறைந்தது மூன்று மாதம் என்றே சொல்கிறது. முதலில் படுத்தபடி, மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு உட்கார்ந்து, அடுத்து நின்றபடி. நிற்கும்போது சொட்டுகிறவர்கள் படுத்தே பயிற்சியை முடித்துவிடக்கூடாது. தசையின் வலு கூடி வித்தியாசம் தெரிய ஆறு வாரமாவது ஆகும். இரண்டு வாரத்தில் ஒன்றும் மாறவில்லை என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

அவசரம் தாங்காமல் ஓடும்போது சொட்டுவது வேறு வகை. அங்கே மூத்திரப்பைத் தசை நேரம் தப்பிச் சுருங்குகிறது. அவசரம் வந்தால் ஓடாதீர்கள். நின்று, ஐந்தாறு வேகமான சுண்டல் போடுங்கள். அலை தணியும்வரை பொறுங்கள், பிறகு நிதானமாகப் போங்கள். இரண்டு முறை போவதற்கு இடையிலான நேரத்தை வாரத்துக்கு 15 நிமிடம் என்று நீட்டலாம். காபியின் கஃபீன் இந்த வகையினருக்குப் பையைத் தூண்டும். கும்பகோணத்து டிகிரி காபியே ஆனாலும் ஒரு வேளையோடு நிறுத்திப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் இறுக்கும் பயிற்சி பொருந்தாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உடலுறவில் வலி, மூத்திரம் தொடங்கத் தாமதம், மலம் வெளியேறாமல் மீண்டும் மீண்டும் முக்குவது, வாலெலும்பு வலி ஆகியவை இருந்தால் தளம் தளர முடியாமல் விறைத்திருக்கலாம். விறைத்த தசையும் பலவீனமானதுதான். அதை மேலும் இறுக்கினால் வலி கூடும். இவர்களுக்கு முதலில் தளர்த்தல்: முழங்கால்களை விரித்து இருபுறமும் தலையணை வைத்துப் படுத்து, ஐந்து நிமிடம், மூச்சிழுக்கும்போது வயிறு உயர்ந்து தளம் கீழே விரிவதை உணர்வது. சந்தேகம் இருந்தால் உடலியக்க மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) சோதித்துக்கொண்டு பிறகு இறுக்கப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

கருப்பை இறக்கத்துக்கு "எடுத்துடலாம்" என்ற ஒரே பதில் போதாது. கருப்பையை எடுப்பதால் தளம் சரியாகிவிடாது. தாங்கலைச் சீர்செய்யாமல் எடுத்தால் பிறகு யோனியின் உச்சியே இறங்கலாம். ஆரம்ப நிலையில் பயிற்சி உதவும். வளையம் போன்ற பெசரியை உள்ளே பொருத்தி அறுவை இல்லாமலே பல வருடம் சமாளிப்பவர்கள் உண்டு. அதைக் குறித்த காலத்தில் மருத்துவமனையில் எடுத்துக் கழுவிச் சோதிக்க வேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை போனால் போதும். மாதவிடாய் நின்ற பின் வரும் வறட்சிக்கு மருத்துவர் சொல்லும் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் கைகொடுக்கும்.

புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு சொட்டும் ஆண்களுக்கும் இதே பயிற்சிதான். அறுவைக்கு முன்பே தொடங்கினால் தசையைக் கண்டுபிடிப்பது எளிது. மூத்திரம் போய் முடித்தபின் வேட்டியில் இரண்டு சொட்டு விழுவது வேறு விஷயம், குழாயின் வளைவில் தங்கியது. விரைப்பைக்குப் பின்னால் விரல் வைத்து முன்னோக்கி நீவிவிட்டால் அது வந்துவிடும்.

மூத்திரத்தில் ரத்தம், திடீரென மூத்திரம் அடைத்துக்கொள்வது, தொடையிடுக்கும் பிட்டமும் மரத்துப்போவது, கால் பலமிழப்பது ஆகியவற்றுக்குப் பயிற்சி மருந்தல்ல. கடைசி மூன்றும் முதுகுத்தண்டில் நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம், 108-ஐ அழைத்து அன்றே போக வேண்டும். மற்றபடி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கும், தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் பரிந்துரை பெறலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் உடலியக்கச் சிகிச்சையும் ஒரு பகுதி, வரும் ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள்.

போகும் முன் மூன்று நாள் கணக்கு ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் குடித்தது, என்ன, எவ்வளவு. எத்தனை மணிக்கு மூத்திரம் போனது, அளவுக் குவளையில் எத்தனை மில்லி. எப்போது சொட்டியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இருமினீர்களா, கட்டு தூக்கினீர்களா, அவசரத்தில் ஓடினீர்களா. எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தரலாம். இந்த ஒரு தாளை வைத்தே எந்த வகைக் கசிவு என்று மருத்துவரால் பெரும்பாலும் பிரித்துப் பார்க்க முடியும்.